விசுவாசியின் கவிதையும் நம் கூச்சமும்

சில வருஷங்களுக்கு முன்பு காஞ்சிபுரத்தில் ஒரு நண்பர் வீட்டு மொட்டைமாடியில் மாதம் ஒரு ஞாயிறு மாலை கூடிக்கொண்டிருந்தோம். எட்டுப் பேர், மிஞ்சினால் பத்துப் பேர். பாங்கு ஊழியர் இருவர், ஒரு பள்ளி ஆசிரியர், ஜரிகைக் கடையில் கணக்கெழுதுகிறவர் ஒருவர், நான். பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒரு நெசவாளி இளைஞரும் வருவார். அதிகம் பேசமாட்டார். படித்ததையெல்லாம் நினைவில் வைத்திருப்பார். இரண்டு வருஷங்களாக அவர் ஒரு பெந்தெகொஸ்தே சபைக்குப் போய்வருகிறார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். யாரும் அது பற்றிக் கேட்டதில்லை. கேட்காததை நாகரிகம் என்று நினைத்திருந்தோம்.

ஒரு மாலை அவர் ஒரு கவிதை படித்தார். மூன்று பகுதிகள். முதலாவதில், விடியுமுன் குழித்தறியில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கும் சிறுவன். அவன் கைமேல் கைவைத்துக் கோர்வை போடக் கற்றுக்கொடுக்கும் அப்பா. உடலும் கரையும் சேருமிடத்தில் நூல் மாட்டாமல் போனால் அப்பாவின் விரல் எப்படி அதைக் கண்டுபிடிக்கும் என்பது மட்டும் ஏழெட்டு வரிகள். எல்லோரும் தலையாட்டினோம். இரண்டாவதில் அப்பா செத்துப்போகிறார். மகன் இரட்சிக்கப்படுவதற்கு முன்பே, தானும் ஞானஸ்நானம் பெறாமலே. மூன்றாவதில் கடைசி நாள். புஸ்தகங்கள் திறக்கப்படுகின்றன. பெயர்கள் வாசிக்கப்படுகின்றன. அப்பாவின் பெயர் இல்லை. அப்பால் அக்கினிக்கடல். தன் பெயர் கூப்பிடப்படும்போது பதில் சொல்லாமல் நின்றுவிட்டால் என்ன என்று மகன் நினைக்கிறான். அங்கே கவிதை முடிந்துவிடுகிறது.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர், கடைசிப் பகுதி பிரசங்கம் என்றார். இன்னொருவர், நம் ஊர் எண்ணெய்க் கொப்பரை போதாதென்று இதை வேறு இறக்குமதி செய்யவேண்டுமா என்று சிரித்தார். நான் இன்னும் நாசூக்காக நடந்துகொண்டேன். அப்போது ஒரு பத்திரிகைக்குக் கவிதை தேர்ந்துகொடுக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. முதல் பகுதி அபாரம், கடைசிப் பகுதியைக் குறியீடாக்கிவிட்டால் போட்டுவிடலாம், 'அக்கினிக்கடல்' என்ற இடத்தில் 'இருட்டு' என்று இருந்தால் போதும் என்றேன். அவர், "இருட்டு இல்ல சார், அக்கினிதான்" என்றார். குரலில் கோபமில்லை, தவறான விலாசத்தைத் திருத்திச் சொல்வதுபோல் சொன்னார். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த மாதம் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

இதில் பகைமை எங்கே வந்தது என்று கேட்கலாம். 1999 ஜனவரியில் ஒடிஸாவில் கிரஹாம் ஸ்டெயின்ஸையும் அவருடைய இரண்டு பிள்ளைகளையும் வண்டியோடு வைத்து எரித்தார்களே, அது பகைமை. 2008-இல் கந்தமாலில் நடந்தது பகைமை. மாடியில் டீ குடித்துக்கொண்டு சொன்ன ஒரு திருத்தத்தை அவற்றோடு சேர்த்துப் பேசுவது அபத்தம்; சேர்க்கவில்லை. ஆனால், நம் போன்றவர்கள் கல்லெடுப்பதில்லை என்பதாலேயே நம்மிடம் பகைமை இல்லை என்றாகிவிடாது. நம்முடையதற்கு ஒரு நிபந்தனையின் வடிவம் இருக்கிறது. நம்பிக்கொள், ஆனால் நிஜமாக நம்பாதே. ஏசு என்றால் கருணை, சிலுவை என்றால் வதை, நரகம் என்றால் மன இருட்டு என்று பெயர்த்துக்கொண்டு உள்ளே வா. பெயர்க்க மறுப்பவன் பிரசாரகன்.

சிலுவை என்னவோ நம் புதுக்கவிதையில் மலிவாகக் கிடைக்கிற சரக்குதான். காதலில் தோற்றவனும், வேலை கிடைக்காதவனும், பத்திரிகையில் கவிதை வராதவனும் அதில் ஏறியிருக்கிறார்கள். ஆணி, முள்முடி, யூதாஸ், மூன்றாம் நாள் எல்லாம் புழங்குகின்றன. இவற்றை எழுதியவர்களில் பெரும்பாலோர் நம்புகிறவர்கள் அல்லர். அதனால்தான் நமக்குத் தொந்தரவில்லை. விசுவாசி ஒருவன் அதே சிலுவையை எழுதினால் அது நமக்குக் கவிதையாகத் தெரிவதற்கு முன் துண்டுப்பிரசுரமாகத் தெரிந்துவிடுகிறது.

இந்தக் கூச்சம் நாமாகக் கண்டுபிடித்ததில்லை. நவீனத்துவத்தோடு கூடவே கப்பலில் வந்தது. 'எழுத்து' காலம் தொட்டு நாம் எலியட்டின் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். எந்த எலியட்? 1922-இல் 'பாழ்நிலம்' எழுதியவர். அவரே 1927 ஜூனில் ஃபின்ஸ்டாக் என்ற கிராமத்துக் கோயிலில், கதவைச் சாத்திக்கொண்டு, ஞானஸ்நானம் பெற்றார். மறு வருஷம் வர்ஜீனியா வுல்ஃப் தன் சகோதரிக்கு எழுதிய கடிதத்தில், இனி எலியட்டை நம்மளவில் செத்தவராகவே வைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்கிற தொனியில் எழுதுகிறார். கணப்பருகே உட்கார்ந்துகொண்டு கடவுளை நம்புகிற ஓர் உயிருள்ள மனிதரைப் பார்ப்பது அவருக்கு ஆபாசமாகப் பட்டிருக்கிறது. வுல்ஃப் கெட்டவர் அல்லர்; நம்மை எல்லாம்விட நுட்பமானவர். அந்த நுட்பத்துக்குள்ளிருந்தே இது வருகிறது. நாமும் 'பாழ்நிலத்தை' இறக்கிக்கொண்டு 1930-இல் வந்த 'சாம்பல் புதனை'ச் சுங்கச் சாவடியில் விட்டுவிட்டோம். எலியட் மதத்துக்குள் போனபிறகு வறண்டுபோனார் என்று நம்மிடையே சொன்னவர்களில் எத்தனை பேர் பின்னால் எழுதியதைப் படித்தவர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. சொன்னவர்களில் நானும் ஒருவன்.

காஞ்சியில் உட்கார்ந்துகொண்டு எலியட்டைச் சாட்சிக்கு அழைப்பானேன், மணிமேகலையே இருக்கிறாள். சாத்தனாரின் நாயகி கடைசியில் வந்து சேர்கிற ஊர் இது. பசியில் கிடந்த ஊருக்கு அமுதசுரபியோடு வருகிறாள். அறவண அடிகளிடம் முதலில் தர்க்கம் கேட்கிறாள், பிறகு தர்மம் கேட்கிறாள், நோன்பு பூணுகிறாள், நூல் முடிகிறது. நாமோ அமுதசுரபியோடு திருப்தியடைந்துவிட்டோம். சோறு போடுகிற மணிமேகலை வேண்டும். பிரமாணமும் ஹேதுவும் திருஷ்டாந்தமும் கேட்டு, யோசித்து, ஒரு சமயத்துக்குள் நுழைகிற மணிமேகலை வேண்டாம். 29, 30ஆம் காதைகள் காவியத்தில் ஒட்டாத பௌத்தப் பிரசாரம் என்று எழுதாத இலக்கிய வரலாற்றாசிரியர் குறைவு. காவியம் எதற்காக இவ்வளவு தூரம் நடந்ததோ, அந்த வாசலில் வந்ததும் நாம் புஸ்தகத்தை மூடிவிடுகிறோம். கிறிஸ்தவர்களின் பள்ளிக்கூடம் வேண்டும், ஆஸ்பத்திரி வேண்டும், நியாயத்தீர்ப்பு வேண்டாம் என்பதும் இதே மனோபாவம்தான். சென்னையில் 1837-இல் பள்ளி தொடங்கிய ஜான் ஆண்டர்சனின் பெயரில் இந்த ஊரில் இன்றும் பள்ளிக்கூடம் இருக்கிறது. எத்தனையோ வீடுகளில் தாத்தாவும் பேரனும் அங்கே படித்தவர்கள். 1841-இல் அவருடைய மாணவர் சிலர் பாடத்தோடு வேதத்தையும் நிஜமாக எடுத்துக்கொண்டு ஞானஸ்நானம் பெற்றபோது சென்னைப் பள்ளி ஏறக்குறையக் காலியாகிவிட்டது. இங்கிலீஷ் கற்றுக்கொடுக்கும் வரை சரி, நம்பவைத்தால் பிள்ளையை அழைத்துக்கொண்டு போய்விடுவோம் என்றனர் தகப்பனார்கள். அந்தப் பயத்தையும் நான் கேலி செய்யவில்லை. பிள்ளை போய்விடுவான் என்பது நிஜமான பயம்.

நாவலுக்கு வருவோம். தமிழில் முதல் நாவல் என்று நாம் தேதி குறிக்கிற 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-இல் வந்தது. எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். கதைநாயகனோ பிரதாப முதலியார். கதை நடக்கிற வீடுகளில் ஜெபமாலை சத்தம் கேட்பதில்லை. அவர் ஒளித்துவைத்தார் என்று சொல்லவரவில்லை. எல்லாச் சமயத்துக்கும் பொதுவான கீர்த்தனை எழுதிய மனம் அவருடையது. ஆனால் தமிழ் நாவலின் பிறப்பிலேயே ஒரு கிறிஸ்தவர் தன் நம்பிக்கையைப் பொதுப்பேச்சாகப் பெயர்த்துக்கொண்டு உள்ளே வந்திருக்கிறார் என்பது சும்மா விட்டுவிடக் கூடிய சமாச்சாரமில்லை. மதம் மாறுகிறவரின் உள்மனத்தை அனுதாபத்தோடு எழுதப் பார்த்த அ. மாதவையா 1915-இல் 'கிளாரிந்தா'வை இங்கிலீஷில் எழுதினார். புதுமைப்பித்தனின் 'புதிய கூண்டு' தமிழில்தான் இருக்கிறது. ஒருவன் கிறிஸ்தவனாகிறான், வாசலில் காதல் நிற்கிறது, தலைப்பு தீர்ப்பைச் சொல்லிவிடுகிறது. ஒரு கூண்டிலிருந்து இன்னொரு கூண்டுக்கு. புதுமைப்பித்தன் எல்லா மதத்தையும் கூண்டென்றுதான் நினைத்தார், சரி. ஆனால் கூண்டு என்று தெரிந்தவன் ஒருபோதும் உள்ளேயிருந்து எழுதமாட்டான்.

உள்ளேயிருந்து எழுதியவர் ஹெப்ஸிபா ஜேசுதாசன். 1964-இல் வந்த 'புத்தம் வீடு' விளவங்கோட்டுப் பக்கத்துப் பனைகளுக்கு நடுவில் ஒரு கிறிஸ்தவ வீட்டின் கதை. ஜெபமும் கோயிலும் உபதேசியாரும் அங்கே வீட்டுச் சுவரைப்போல் இருக்கிறார்கள். யாரும் சுட்டிக்காட்டுவதில்லை, யாரும் நிரூபிப்பதில்லை. நாம் அந்த நாவலைக் கொண்டாடினோம். எதற்காக? வட்டார வழக்குக்காக, லிஸிக்காக, நாஞ்சில் பக்கத்து மண்ணுக்காக. லிஸி ஜெபம் செய்கிறாள் என்பதை எந்த விமர்சனத்திலும் நான் படித்த ஞாபகமில்லை. பாமாவின் 'கருக்கு' 1992-இல் வந்தபோது கன்னியர் மடத்தை அவர் எப்படிக் கிழித்தார் என்று பேசினோம். ஏசுவை நம்பினவர் ஏசுவின் பெயரால்தான் மடத்தைக் கேள்வி கேட்கிறார் என்பதைப் பேசவில்லை. இமையத்தின் 'கோவேறு கழுதைக'ளில் ஆரோக்கியம் எல்லோருடைய அழுக்கையும் வெளுக்கிறாள், எல்லோருடைய வாசலிலும் சோறு கேட்கிறாள். ஜாதியின் கடைசிப் படியை அந்த நாவல் காட்டிவிட்டது என்றோம், காட்டித்தான் இருக்கிறது. அவள் மாதாவையும் அந்தோணியாரையும் கூப்பிடுகிற குரல் நமக்கு வட்டார அலங்காரமாகிவிட்டது. ஏழையின் பசியை நம்மால் நம்ப முடிகிறது. ஏழையின் விசுவாசத்தை மட்டும் வேறெதற்கோ அடையாளமாக்காமல் விடமுடிவதில்லை.

இங்கேதான் நம் இலக்கியக் கூச்சமும் சட்டசபையின் குரலும் ஒரே ஊர்க்காரர்கள் என்று எனக்குப் படுகிறது. 2002 அக்டோபரில் ஜெயலலிதா அரசு கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. காஞ்சி காமகோடி பீடத்திலிருந்து ஜயேந்திர சரஸ்வதி அதை வரவேற்றார். பலவந்தம், ஆசைகாட்டல், மோசடி ஆகியவற்றால் மதம் மாற்றினால் மூன்று வருஷம் வரை சிறை. மாற்றப்பட்டவர் சிறுவர் என்றாலும், பெண் என்றாலும், தாழ்த்தப்பட்டவர் அல்லது பழங்குடியினர் என்றாலும் நான்கு வருஷம் வரை. இந்த ஒரு வருஷ வித்தியாசத்தை ஒரு விமர்சகன் வரி வரியாகப் படிக்க வேண்டும். பெண்ணுக்கும் சேரிக்காரனுக்கும் சிறுபிள்ளைக்கும் மனம் ஒரே எடை என்கிறது அது. யோசித்து ஒன்றை நம்பக்கூடியவன் படித்த மேல்ஜாதி ஆண் மட்டுமே. 2004 தேர்தலில் தோற்றபிறகு அரசே சட்டத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. வேறு பல மாநிலங்களில் இப்படிப்பட்ட சட்டங்கள் இன்றும் இருக்கின்றன. ஆனால் சட்டத்துக்கு அடியிலிருக்கும் மனச்சித்திரம் சட்டமன்றத்தில் பிறந்ததல்ல. நாம் அதை எப்போதோ வைத்துக்கொண்டுவிட்டோம். அறிஞர் ஒருவர் மதம் மாறினால் ஆன்மத் தேடல். சேரியில் நாற்பது குடும்பம் மாறினால் ரொட்டியும் பால்பவுடரும்.

ரொட்டி இல்லாமலில்லை. காஞ்சிபுரம் அன்று செங்கல்பட்டு ஜில்லா. 1891-இல் அந்த ஜில்லா கலெக்டர் டிரெமென்ஹீர் பறையர் நிலை பற்றி எழுதிய குறிப்பும், அதற்கு முன்பின்னாக மிஷனரிகள் கொடுத்த நெருக்கடியும் சேர்ந்து 1892-இல் பஞ்சமி நில ஏற்பாட்டுக்கு வழிசெய்தன. நிலமும் வேதமும் ஒரே ஆளின் இரண்டு கைகளில் வந்திருக்கின்றன. அதனால் என்ன? வயிற்றுக்கும் ஆன்மாவுக்கும் தனித்தனி வாசல் வைத்திருக்கிறவன், இரண்டும் நிரம்பினவன். தன்னை மனிதன் என்று முதலில் கூப்பிட்டவனுடைய கடவுளை ஒருவன் நம்பினால் அதைவிட நியாயமான காரணம் எந்தத் தத்துவ சாஸ்திரத்தில் இருக்கிறது?

வேடிக்கை என்னவென்றால், அதே ஏழை நிஜமாக நம்புகிறான் என்று தெரிந்தால் அதற்கும் அபராதம் உண்டு. 1950-இன் ஜனாதிபதி ஆணைப்படி கிறிஸ்தவரான தலித் பட்டியல் ஜாதியில்லை. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், அவர் ஞானஸ்நானம் பெற்றவர், முறையாகக் கோயிலுக்குப் போகிறவர் என்பதைப் பார்த்துச் சான்றிதழ் கிடையாது என்றது. மாறும்போது அவன் விசுவாசம் பொய், யாரோ ஆசைகாட்டினது. மாறியபிறகு அவன் விசுவாசம் மெய், ஆகவே சலுகை இல்லை. 1977-இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில், மதத்தைப் பரப்பும் உரிமை இன்னொருவரை மாற்றும் உரிமையல்ல என்று தீர்ப்பானது. வீட்டுக்குள் கூடி ஜெபித்தால் அது வீடா வழிபாட்டுத்தலமா, கலெக்டரின் அனுமதி வேண்டுமா என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் திரும்பத் திரும்ப வழக்குகள் வந்திருக்கின்றன. இந்த ஊரில் சுயமரியாதைக்காரர்களும் இருந்தார்கள். 1942-இல் அண்ணாதுரை 'திராவிட நாடு' பத்திரிகையை இங்கிருந்துதான் தொடங்கினார். அவர்கள் நேருக்கு நேர் சண்டை போட்டார்கள். கடவுள் இல்லை என்று நிஜமாக நம்பினவர்களுக்கு உண்டு என்று நிஜமாக நம்பினவனை எதிராளியாகவாவது தெரிந்தது. நமக்கு அவன் எதிராளிகூட இல்லை, ரசனை போதாதவன்.

அனுமதியின்றிப் பிரசங்கம் செய்ததற்காகப் பெட்ஃபோர்டு சிறையில் பன்னிரண்டு வருஷம் இருந்த ஜான் பன்யனின் யாத்திரைக் கதையைத்தான் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை தமிழில் காவியமாக்கினார். 'இரட்சணிய யாத்திரிகம்' 1894-இல் வந்தது. 'கிறிஸ்தவக் கம்பர்' என்று ஒரு பட்டத்தைக் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டோம். பட்டம் கொடுப்பது படிக்காமலிருக்க நாம் கண்டுபிடித்த உபாயம். படித்துப் பார்த்தவனாகச் சொல்கிறேன்: பெரும் பகுதி தாங்காது. உருவகப் பெயர்கள் வரிசையாக வந்து நின்று பேசுகின்றன. கம்பனின் சந்தம் கம்பனின் காரணமில்லாமல் ஓடுகிறது. ஆனால் இடையிடையே தேவாரமென்று அவர் வைத்த பாடல்களில் ஆள் மாறிவிடுகிறார். அங்கே கதை நிற்கிறது. ஒருவன் நேரே ஒருவரைப் பார்த்து அழுகிறான். அந்த அழுகையின் மொழி திருநெல்வேலி வைணவ வேளாளர் ஒருவர் பிள்ளையிலிருந்து காதில் வாங்கிய ஆழ்வார்களின் மொழி. 1858-இல், முப்பது வயதில், சாயர்புரத்துத் தமிழாசிரியராக இருந்தவர் ஞானஸ்நானம் பெற்றார். மொழியை விட்டுவிட்டுப் போகவில்லை. போகவும் முடியாது.

கிருபை என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். குரங்குக்குட்டி தாயைப் பிடித்துக்கொள்ள வேண்டுமா, பூனைக்குட்டிபோல் தாயே கவ்விக்கொண்டு போகுமா என்று ஸ்ரீவைஷ்ணவம் இரண்டு கலையாகப் பிரிந்தது. ஒரு கட்சியின் ஆசாரியரான தேசிகன் பிறந்த தூப்புல் காஞ்சியில்தான் இருக்கிறது. கோஷ்டியில் யார் எதைப் பாடுவது என்று வரதர் கோயிலில் இரண்டு கலையாரும் வழக்காடி நூறு வருஷத்துக்கு மேலாகிறது. கிருபைக்கு மனிதன் ஏதாவது செய்யவேண்டுமா, சும்மா இருந்தால் போதுமா என்பது லூதரையும் ரோமையும் பிரித்த கேள்வியும்கூட. ருடால்ஃப் ஓட்டோ இதற்காக ஒரு புஸ்தகமே எழுதினார். ஆக, பிள்ளையார்பாளையத்துச் சபையில் பாஸ்டர் மைக் பிடித்துக் கிருபை, கிருபை என்று கத்தும்போது அந்தச் சொல் அமெரிக்காவிலிருந்து மட்டும் வரவில்லை. இரண்டு மைலில் இருக்கிறது அதன் இன்னொரு வீடு. ஆழ்வார்களை நாம் நம்பாமல் ரசிக்கிறோம், தப்பில்லை. அவர்கள் செத்து ஆயிரம் வருஷமாகிறது, நம்மைத் திரும்பிக் கேள்வி கேட்கமாட்டார்கள். உயிரோடிருக்கிற விசுவாசி கேட்பான். நீ எந்தப் பக்கம் என்பான். அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் அழகியலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறோமோ என்று சந்தேகம்.

இப்போது அந்த அக்கினிக்கடலுக்குத் திரும்புகிறேன். தாந்தே தன் குருவைப்போல் மதித்த புருனெத்தோ லத்தீனியை நரகத்தில் பார்க்கிறான். பதினைந்தாம் காண்டம். எரிகிற மணல்மேல் அவர் ஓடுகிறார். கருகிய முகம். தாந்தே தலைகுனிந்தபடி கூடவே நடந்துகொண்டு மரியாதையாகப் பேசுகிறான். அவரை அங்கே வைத்தவன் தாந்தேதான். நரகம் ஒரு குறியீடு என்றால் அந்தக் காட்சியில் ஒன்றுமில்லை. பழைய வாத்தியாருக்கு ஒரு சங்கடமான அஞ்சலி, அவ்வளவுதான். நரகம் நிஜம், தீர்ப்பு நியாயம், அவர்மேல் அன்பும் நிஜம் என்று மூன்றையும் ஒருவன் ஒரே சமயத்தில் நம்பும்போதுதான் அந்த மரியாதை தாங்க முடியாததாகிறது. தாந்தேயைப் படிக்க அவன் நம்பியதை நாமும் நம்பவேண்டுமா என்று எலியட் 1929-இல் கேட்டுக்கொண்டார். நாம் நம்பவேண்டியதில்லை என்பது சரி. ஆனால் அவன் நம்பவேண்டியதில்லை என்று நாம் சொல்ல முடியாது. சொன்னால் கவிதை போய்விடும்.

நெசவாளியின் கவிதையில் நாங்கள் செய்தது அதுதான். அந்தக் கடைசிப் பகுதியில் அவர் யாரையும் மிரட்டவில்லை. தன் நம்பிக்கையின் மிகக் கொடூரமான வாக்கியத்தைத் தன் அப்பாமேல் வைத்துப் பார்த்தார். கோர்வை போடக் கற்றுக்கொடுத்த விரல்கள் அக்கினியில். நம்பாதவனுக்கு இந்தப் பிரச்சினை வராது. அரைகுறையாக நம்புகிறவன், கடவுள் நல்லவர், ஏதாவது ஏற்பாடு செய்வார் என்று போய்விடுவான். முழுக்க நம்புகிறவனுக்கு மட்டும்தான், தன் பெயர் கூப்பிடப்படும்போது வாயை மூடிக்கொண்டு நின்றுவிடலாமா என்ற எண்ணம் வரும். அவருடைய சபையில் இதைப் படித்திருந்தால் பாஸ்டரும் கடைசிப் பகுதியை எடுத்துவிடச் சொல்லியிருப்பார், நேர் எதிரான காரணத்துக்காக. இரண்டு பேருக்கும் நடுவில் அந்தக் கவிதை தனியாக நின்றது. அதை 'இருட்டு' என்று மாற்றியிருந்தால், அந்த வருஷம் எங்களுக்கு வந்த அறுபது எழுபது 'இருட்டு'களில் இன்னும் ஒன்று.

சபைகளுக்காக வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒலிபெருக்கியில் அடுத்த வீட்டுக்காரனின் சாமியைப் பிசாசு என்கிறவர்களை எனக்குத் தெரியும். கல்லறையிலும் ஜாதிக்கு ஒரு சுவர் எழுப்பின கோயில்கள் தமிழ்நாட்டில் உண்டு. விசுவாசத்தின் பெயரால் வருகிற கவிதைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு சகிக்காது. தேவனைத் துதிக்கிற அவசரத்தில் சொல்லைப் பார்ப்பதில்லை. இவற்றைக் கேலி செய்யும் உரிமையை நான் விட்டுக்கொடுக்கவில்லை. மோசமான கவிதையை மோசம் என்று சொல்வது வேறு, நம்பியதற்காக மோசம் என்பது வேறு. அன்று மாடியில் நான் இரண்டாவதைச் செய்துவிட்டு முதலாவது என்று பெயர் வைத்தேன்.

போன தை மாதம் அவரைத் தேடிப் போனேன். வழியில் கணக்கெழுதும் நண்பர் சொன்னார்: ஆயுத பூஜைக்குத் தறிக்குச் சந்தனம் குங்குமம் வைக்கமாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டாராம், முதலாளி மூன்று மாதம் பாவு கொடுக்கவில்லையாம், இப்போது வேறொருவரிடம் கூலிக்கு நெய்கிறாராம். தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஓரமாக ஒதுங்கிப் போனேன். அவர் தறியில் இருந்தார். எதிர்ப்பக்கக் கரைக்கு மனைவி உட்கார்ந்திருந்தார். அரக்குச் சிவப்பில் கல்யாணப் புடவை. கரையில் வரிசையாகக் கோபுரம், முந்தானையில் யாளி, அன்னம்.

"வாங்க சார்" என்று எழுந்திருக்கப் போனார். நான் தடுத்தேன். என்ன பேசுவதென்று தெரியாமல், இந்தக் கோபுரமெல்லாம் நெய்யலாமா, சபையில் ஒன்றும் சொல்லமாட்டார்களா என்று கேட்டுவிட்டேன். கேட்டபிறகுதான் முதலாளியின் கேள்வியை நானும் கேட்டுவிட்டேன் என்று உறைத்தது.

அவர் சிரித்தார். "நெய்யறது வேலை சார். பொட்டு வெக்கறது கும்புடறது. அவருக்கு ரெண்டும் ஒண்ணுன்னு தோணுது."

அந்தக் கவிதை இருக்கிறதா என்றேன். இருக்கிறது என்றார்.

"மாத்தினீங்களா?"

"இல்ல சார்." கொஞ்சம் நிறுத்தி, "அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன். அம்மா இன்னும் கச்சபேஸ்வரருக்குத்தான் போறாங்க. கேட்டுட்டு, அப்பா நிஜமாவே அங்கயா இருக்காருன்னு கேட்டாங்க" என்றார்.

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை. கவிதையை ஓர் எழுத்தும் மாற்றாமல் போட விரும்புகிறேன் என்றேன். அன்று சொன்னதற்காக வருத்தப்படுகிறேன் என்றும் சொன்னேன். மனைவி அவரைப் பார்த்தார். "யோசிச்சு சொல்றேன் சார்" என்றார். பிறகு நாடாவைக் கையிலெடுத்தார். எதிர்ப்பக்கத்திலிருந்து சிவப்பு இழை வந்தது. அறையில் சத்தம் நிறைந்துவிட்டது. இதை எழுதி முடிக்கும்வரை பதில் வரவில்லை.